கறுப்பு நிற உலோகப் பொருள் ஒன்று

ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். முன்பு மாத்திரை கொடுக்கப் போனேன், இப்போது வாங்கப் போகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். போன மாதம் பிரஷர் மாத்திரைக்குப் போனபோது வாசலில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். சிவப்பு வட்டத்துக்குள் கைத்துப்பாக்கிப் படம், குறுக்கே ஒரு கோடு. கீழே, ‘உரிமம் இருந்தாலும் ஆயுதங்களுக்கு உள்ளே அனுமதி இல்லை.’

பேசாமல் போயிருக்கலாம். என்னால் முடியுமா? பக்கத்தில் நின்ற காவலாளியிடம் கேட்டேன்.

“ஏனுங்க, இது எந்தச் சட்டத்துல இருக்குதுங்க?”

“போர்டுலயே இருக்குதுங்களேம்மா,” என்றார் அவர்.

உள்ளே ஷீலா பார்த்துவிட்டாள். கூடலூர்க்காரி, என்னிடம் வேலை பழகியவள், இன்று அவளே தலைமைச் செவிலியர். “சேச்சி, ரிட்டயர் ஆகியும் கேள்வி நிக்கலையா? அந்த ரிவால்வர் கதைய எங்க புதுப் பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க. நான் சொன்னா கதை அளக்கறேன்னு சிரிக்கறாங்க,” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நாலு பெண்கள் சுற்றி நிற்க, டீயும் வர்க்கி பிஸ்கட்டுமாகச் சொல்லி முடித்தேன். வீட்டுக்கு வந்ததும், எழுதியே வைத்துவிடலாமே என்று தோன்றியது. நீலகிரியில் ஓர் அரசு ஆஸ்பத்திரி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதில் வருகிற பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

என் அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து இங்கே கோத்தகிரிப் பக்கம் தோட்ட வேலைக்குச் சேர்ந்தவர். காலையில் ஆட்களின் பெயர் கூப்பிடுவதைக் கடைசிவரை ‘பெரட்டு’ என்றுதான் சொல்வார். மகள் வெள்ளைச் சட்டை போட்டு வேலைக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. கோயம்புத்தூரில் படித்தேன், பல ஊர்களில் மாற்றலாகி அலைந்தேன், பிறகு மலைக்கே வந்து சேர்ந்தேன். படிப்பில் கற்றதில் பாதி மறந்துவிட்டது. ஒன்று மட்டும் மறக்கவில்லை. மயங்கிக் கிடக்கும் நோயாளியின் கழுத்துச் செயினைக் கழற்றி உடைமைப் பதிவேட்டில் ‘தங்கச் செயின் ஒன்று’ என்று எழுதிவிட்டேன். எங்கள் வார்டு சிஸ்டர் அந்த வரியில் விரலை வைத்துக் கேட்டார்: “நீ என்ன ஆசாரியா? உரசிப் பார்த்தியா?”

அதை அடித்துவிட்டு ‘மஞ்சள் நிற உலோகச் செயின் ஒன்று’ என்று எழுதவைத்தார். நாளைக்கு அது கவரிங் என்று தெரிந்தால், நர்ஸ்தான் தங்கத்தை எடுத்துக்கொண்டு மாற்றி வைத்துவிட்டாள் என்பார்கள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுது, அது என்ன என்று நீ சொல்லாதே. இந்த வழக்கம் எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் உண்டு. முப்பது வருஷம் இப்படி எழுதிப் பழகிய கை என்னுடையது.

இனி சரோஜினி மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் செவிலியர் கண்காணிப்பாளர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. குளிரோ வெயிலோ, சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். நாம் ஏதாவது சொன்னால் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “எந்த ரூல்ல இருக்கு?” என்பார். ‘எப்பவும் அப்படித்தான் மேடம் செய்றது’ என்று பதில் சொன்னவள் தொலைந்தாள். திட்ட மாட்டார். பழுப்புக் காகித அட்டை போட்ட அரசாணைத் தொகுப்பை நம் பக்கம் தள்ளி வைப்பார். நின்றபடியே தேடிக் கண்டுபிடித்து வாசித்துக் காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். அந்த அறையில் நின்று நின்றே எனக்குக் கால் நரம்பு புடைத்தது என்று ஷீலாவிடம் சொல்லிச் சிரிப்பேன். உண்மையில் எனக்கு அது பிடித்திருந்தது. எதையும் ஏன் என்று கேட்கிற புத்தி எனக்கும் உண்டு. அதற்கு வீட்டில் கிடைத்ததெல்லாம் குட்டுதான்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை எட்டேகால் மணிக்கு அவசரப் பிரிவு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஜெகதளாவுக்கு அப்பால் சொந்தத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் தேவராஜன், வயது அறுபத்தெட்டு. முகமெல்லாம் வியர்வை, வலது கை நெஞ்சில். இடது கையால் ஸ்வெட்டரின் கீழ் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தார். கூட அவர் மனைவியும் டிரைவரும்.

இ.சி.ஜி. எடுக்க ஸ்வெட்டரைத் தூக்கினேன். இடுப்பு பெல்ட்டில் தோல் உறை, அதில் ரிவால்வர்.

பணியில் இருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர். இரண்டடி பின்னால் போய்விட்டார். “கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குள்ள துப்பாக்கியா? யாரு உள்ள விட்டது? போலீஸைக் கூப்பிடுங்க! அதை எடுத்தாத்தான் தொடுவேன்!” என்று கத்தினார். எங்கள் புறக்காவல் நிலையத்துக் காவலரோ மலர்க்கண்காட்சிப் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். அந்த மனிதரைத் தவிர ஊரில் எல்லாரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

தேவராஜனோ உறையைப் பிடித்த கையை விடவில்லை.

“லைசென்ஸ் இருக்குதுங்க. யாரு கையிலயும் குடுக்கக் கூடாதுங்க,” என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு.

அந்தச் சண்டைக்கு நடுவிலேயே இ.சி.ஜி. எடுத்துத் தாளைப் பார்த்தேன். பெரிய அட்டாக். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி உடனே போட வேண்டும். நிமிஷத்துக்கு நிமிஷம் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. இவர்கள் இருவரும் துப்பாக்கிக்காக மல்லுக்கட்டுகிறார்கள்! குனிந்து அவர் காதருகே கேட்டேன்.

“ஐயா, உசிரு போற நேரத்துல இதை எதுக்குங்க கட்டிட்டு வந்தீங்க?”

வெளியே நிற்கும் மனைவிக்குக் கேட்காதபடி சொன்னார். “மடியில கனமிருந்தா வழியில பயம்பாங்க. எனக்கு ஊட்டுல பயமுங்க சிஸ்டர், அதான் மடியில கனம். எம்பட பையனுக்கு மனசு செரியில்லீங்க. வேலை போயி ஊட்டுக்கு வந்து ஒண்ணரை வருசமாச்சு. உசிரோட இருந்து என்னன்னு எழுதி வச்ச காயிதத்த நானே பாத்தேனுங்க. அன்னையிலிருந்து இது என் இடுப்ப விட்டு எறங்கறதில்ல, தூங்கறப்பவும். அவன் கையில மட்டும் போயிரக் கூடாதுங்க.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “போகாதுங்க. நான் இருக்கேன்,” என்றேன். எந்த அதிகாரத்தில் சொன்னேன் என்று கேட்காதீர்கள். சொல்லிவிட்டேன்.

பிறகு வேலை வேகமாக நடந்தது. சிறுநீரக வடிவத் தட்டு ஒன்றை நீட்டினேன். அவரே குண்டுகளை எடுத்துத் தட்டில் போட்டார். ஆறு. ணங் ணங் என்ற அந்தச் சத்தம் ஒவ்வொன்றுக்கும் டாக்டர் கண்ணைச் சிமிட்டினார். ரிவால்வரைத் துண்டில் சுற்றி, பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் பெயர், வயது, புறநோயாளி எண் எழுதினேன். குண்டுகளுக்குத் தனிப் பொட்டலம். மார்ஃபின் ஊசி வைக்கும் இரட்டைப் பூட்டு அலமாரியில் இரண்டையும் வைத்து, ஒரு சாவியை நானும் மற்றதை ஷீலாவும் வைத்துக்கொண்டோம். உடைமைப் பதிவேட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். ஊசி ஏறியது. வலி கொஞ்சம் அடங்கியதும், பத்து மணிக்கு ஆம்புலன்ஸில் மனைவியோடு கோயம்புத்தூருக்கு அனுப்பினோம்.

பதினொன்று இருக்கும். இஸ்திரி போட்ட சட்டையும் வாரிய தலையுமாக ஓர் ஆள் வந்தார். முப்பத்தைந்து வயது சொல்லலாம்.

“சிஸ்டர், நான் பிரகாஷுங்க, தேவராஜன் பையன். அப்பாவோட ரிவால்வர் இங்க இருக்குதுன்னு டிரைவர் சொன்னாரு. குடுத்தீங்கன்னா ஊட்டுல பத்திரமா வச்சிருவேனுங்க.”

எவ்வளவு மரியாதை! ஆதார் அட்டையைக் கையிலேயே எடுத்து வைத்திருந்தார். அப்பா மலையிறங்கிப் போய்க்கொண்டிருக்கிறார். பிழைப்பாரா என்று மகன் கேட்கவில்லை.

“குடுத்து அனுப்புங்க சிஸ்டர்! மொதல்ல அது இந்த பில்டிங்க விட்டு வெளிய போகட்டும்,” என்றார் டாக்டர்.

எங்கள் நடைமுறையும் அதுதான். நோயாளியின் உடைமையை நெருங்கிய உறவினரிடம் அடையாளம் பார்த்துக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். பெற்ற மகனைவிட நெருங்கிய உறவு யார்? ஏன் தர மாட்டேன் என்று அந்த மகனின் முகத்துக்கு எதிரே நான் எப்படிச் சொல்வது? “மேடம்கிட்ட கேட்டுட்டு வர்றேனுங்க, அஞ்சு நிமிசம் உக்காருங்க,” என்று அவரைப் பெஞ்சில் உட்காரவைத்தேன். ஷீலாவிடம், “சாவிய என் தகப்பன் வந்து கேட்டாலும் தராதே,” என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினேன்.

சரோஜினி மேடம் முழுவதும் கேட்டார். கண்ணாடி கழன்றது.

“தரக் கூடாதுன்னு எந்த ரூல்ல இருக்கு?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “ரூலா மேடம்? அந்த அப்பா என் கையப் புடிச்சுட்டுச் சொன்னாரு. அந்தப் பையன் செத்துப் போயிட்டா?”

“அதனாலதான் கேக்கறேன், பாக்கியம். உன் கண்ணீரைக் காட்டினா டாக்டர் குடுத்துருன்னுதான் சொல்லுவார். ரூலைக் காட்டினா வாயைத் திறக்க மாட்டார்.” சொல்லிக்கொண்டே தொலைபேசியை எடுத்து, ஆட்சியர் அலுவலகத்தில் துப்பாக்கி உரிமம் பார்க்கும் பிரிவைக் கேட்டு வாங்கினார். ஒலிபெருக்கியில் போட்டார்.

மறுமுனையில் ஒரு எழுத்தர். வருஷக் கணக்கில் யாருமே தன்னிடம் சட்டம் கேட்டதில்லை போலிருக்கிறது, அப்படி ஒரு உற்சாகம். லைசென்ஸ் இல்லாதவர் கையில் கொடுத்தால் கொடுத்தவர் மேலும் வழக்கு, வாங்கியவர் மேலும் வழக்கு என்றார்.

“பெத்த மகனா இருந்தா?”

“மகனா இருந்தாலும் செரி, சம்சாரமா இருந்தாலும் செரிங்க மேடம். சொத்துத்தான் வாரிசுக்குப் போகும். லைசென்ஸ் போகாதுங்க.”

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அது அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

“அப்ப இப்ப அதை யாருங்க வச்சிருக்கறது?” என்றார் எழுத்தர். “எங்க ஸ்டாஃப் நர்ஸ்,” என்றார் மேடம். “அவங்களுக்கு லைசென்ஸ் இருக்குங்களா?”

எனக்கா! ஊசியைத் தவிர எதையும் பிடித்தறியாத எனக்கு! பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. ஆண்டவனே, அந்தப் பையனைக் காப்பாற்றப் போய் நான் ஜெயிலுக்குப் போகப் போகிறேனா என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

“வழி இருக்குதுங்க,” என்றார் எழுத்தர் கடைசியில். “அரசு ஊழியர் தன்னோட பணியில வச்சிருந்தா இந்தச் சட்டம் அவரைத் தொடாதுங்க. நீங்க கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி, தப்பிச்சீங்க. பிரைவேட்டா இருந்தா செரமமுங்க. ஆனா, அது பணின்னு காட்டறதுக்கு ஏதாச்சும் பதிவு இருக்குங்களா?”

உடைமைப் பதிவேட்டைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். மேடம் வாங்கி, என் கையெழுத்தை நிதானமாக வாசித்தார். “கறுப்பு நிற உலோகப் பொருள் ஒன்று. மஞ்சள் நிற உலோகப் பொருள் ஆறு.”

மறுமுனையில் எழுத்தர் கேட்டார். “ஏனுங்க மேடம், இது ரிவால்வருங்களா, நகைக் கடைங்களா?”

சிரிக்கக் கூடாதென்று மேடம் உதட்டைக் கடித்ததை அன்றுதான் பார்த்தேன். என் கை பழக்கதோஷத்தில் எழுதிவிட்டிருக்கிறது! உரசிப் பார்க்காமல் தங்கம் என்று எழுதாதவள், சுட்டுப் பார்க்காமல் துப்பாக்கி என்று எழுதுவேனா? இந்த வரியை வைத்து, துப்பாக்கியை ஒளித்து வைத்தாள் என்று யாரும் சொல்லலாம். போன் பேசி முடித்த பிறகு அலமாரியைத் திறந்து, தேவராஜன் கொடுத்துவிட்டுப் போன உரிமப் புத்தகத்தின் நகலோடு ஒப்பிட்டு, சிவப்பு மையால் பழைய வரியை அடித்து, ரிவால்வர், எண், குண்டு ஆறு என்று நான் எழுத, மேடமும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

போனை வைக்கும் முன் நான் விடாமல் ஒன்று கேட்டேன். “சார், ஆஸ்பத்திரிக்குத் துப்பாக்கி கொண்டுவரக் கூடாதுன்னு இருக்குங்களா?” உரிம நிபந்தனையில் பள்ளி, கல்லூரி வளாகம், திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம் எல்லாம் இருக்கிறது, ஆஸ்பத்திரி என்ற சொல் தன் கண்ணில் படவில்லை என்றார். அன்று அவர் வாசித்தது அது. இன்று எப்படி என்று எனக்குத் தெரியாது. ஏன் விட்டுப்போனது என்று இன்றுவரை யோசிக்கிறேன். மேடம் மட்டும், “ஸ்கூலுக்குப் போறவன் யோசிச்சுக் கிளம்புவான். நெஞ்சு வலிக்காரன் எதை எறக்கி வச்சுட்டு வருவான்?” என்றார்.

“அப்ப அந்தப் பையனுக்கு அது வேணும்னா?” இதையும் நான்தான் கேட்டேன்.

“அவரு பேருல தனி லைசென்ஸுக்கு மனுப் போடணுங்க. போலீஸ் விசாரணை, அப்புறம் உடம்பும் மனசும் நல்லா இருக்குதுன்னு டாக்டர் சர்டிபிகேட்.”

மேடமும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“மனநல டாக்டர் நம்ம ஆஸ்பத்திரிக்கு என்னைக்கு வர்றார்?” என்றார் மேடம்.

“செவ்வாக்கிழமை மேடம். இன்னைக்கு. ஒரு மணி வரைக்கும்.”

ஓட்டமாக இறங்கினேன். முதலில் பதினான்காம் அறைக்குப் போய் மனநல டாக்டரின் காதில் விஷயத்தைச் சொன்னேன். பிறகு பிரகாஷிடம் வந்தேன். பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தார், ஆதார் அட்டை கையிலேயே இருந்தது.

“ஏனுங்க, சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தர முடியாதுங்க. தந்தா உங்க மேலயும் கேஸு, என் மேலயும் கேஸு. லைசென்ஸ் எடுக்கோணும்னா டாக்டர் சர்டிபிகேட் வேணுமாமுங்க. அந்த டாக்டர் இன்னைக்கு உள்ளதான் இருக்காரு. வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்.”

நான் சொன்னதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. அவர் என்னையே பார்த்தார். எதிரே பதினான்காம் அறைக் கதவில் ‘மனநலப் பிரிவு’ என்று எழுதியிருந்ததையும் வாசித்தார். மாட்டேன் என்று திரும்பிவிடுவார் என்றே எதிர்பார்த்தேன். என்ன நினைத்தாரோ, எழுந்து வந்தார்.

கதவு மூடிக்கொண்டது. கால்மணி நேரம் ஆனது. அரைமணி ஆனது. டாக்டர் கிளம்ப வேண்டிய ஒரு மணியும் தாண்டியது. இதற்கிடையில் மேடம் போன் செய்ததில் ஸ்டேஷனிலிருந்து ஆட்கள் வந்து, எண் சரிபார்த்து, ரசீது கொடுத்து ரிவால்வரையும் குண்டுகளையும் எடுத்துப் போனார்கள். அவசரப் பிரிவு டாக்டர் அப்போதுதான் டீ குடித்தார். பதிவேட்டில் தவறாக எழுதியதற்கு ஒரு வாரம் கழித்து எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மேடம் சொல்லச் சொல்ல நான் எழுதிய பதிலோடு அது முடிந்தது. ஆனால் அந்த நேரத்தில் மெமோவா என் நினைப்பில் இருந்தது? கதவைப் பார்த்தபடியே நின்றேன்.

ஒன்றரை மணிக்குப் பிரகாஷ் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. கையில் மருந்துச் சீட்டு.

“சர்டிபிகேட் தரலீங்க சிஸ்டர். மாத்திர எழுதியிருக்காரு. அடுத்த செவ்வாக்கிழமையும் வரச் சொன்னாரு.” கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார். “அப்பா ஏதாச்சும் சொன்னாருங்களா உங்ககிட்ட?”

இதைச் சொல்லலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. மாடிக்கு ஓடி மேடத்தைக் கேட்கவும் நேரமில்லை. சொன்னேன்.

“சொன்னாருங்க. நீங்க எழுதுன காயிதத்த அவரு பாத்திருக்காரு. அதுக்குத்தான் இடுப்புலயே கட்டியிருந்தாராமுங்க.”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். “அவருக்குத் தெரியுங்களா? இத்தன நாளாவா? அப்பனுக்கு வயசாயிருச்சு, கள்ளனுக்குப் பயந்துட்டுப் படுக்கையிலயும் துப்பாக்கி கட்டிட்டுப் படுக்கறாருன்னு நான் சிரிச்சிருக்கேனுங்க சிஸ்டர். அவரு மூஞ்சிக்கு நேராவே சிரிச்சிருக்கேன்.”

வராந்தாவில் எல்லாரும் பார்க்க அழுதார். நான் தோளைத் தட்டிக்கொடுத்தேன். என் கண்ணும் நிற்கவில்லை, எதற்கு மறைக்க வேண்டும்? அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “கோயம்புத்தூருக்கு இப்ப பஸ் இருக்குங்களா?” என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லி, பஸ் நிறுத்தம்வரை கூடவே போய் ஏற்றிவிட்டேன். சாப்பாட்டு இடைவேளையில் அனுமதி கேட்காமல் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போனது என் வேலைக்காலத்தில் அந்த ஒரு தடவைதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தார். அதற்கடுத்த செவ்வாயும் வந்தார். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, பதினான்காம் அறை வரிசையில் நின்றவரிடம் அப்பாவைப் பற்றிக் கேட்டேன். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்து பத்து நாளாயிற்று, துப்பாக்கியை ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க எழுதிக் கொடுத்துவிட்டார் என்றார்.

“எப்படி இருக்காருங்க?”

“தூங்கறாருங்க சிஸ்டர்,” என்றார் பிரகாஷ். “காலையில எட்டு மணிக்கு நான் போயி எழுப்பற வரைக்கும் தூங்கறாரு.”